வால்வு சுருக்கமும் பிபியும் சேர்ந்து வந்தப்போ நான் பட்ட பாடு

இதய வால்வு சுருக்கம் இருக்கறவங்க பிபி மாத்திரை சாப்பிடலாமா கூடாதா? இந்த ஒரு கேள்விக்கு எனக்கு ஒழுங்கான பதில் கிடைக்க 7 மாசம் ஆச்சு. அந்த 7 மாசத்துல பாத்ரூம்ல மயங்கி விழுந்து நெத்தியில 4 தையல், ஆபீஸ்ல இருந்த லீவு மொத்தமும் காலியாகி அப்புறம் சம்பளம் இல்லாத லீவு, ஒரே ரத்த டெஸ்ட்டை ஆளாளுக்கு எழுதிக் கொடுத்து திரும்பத் திரும்ப எடுத்த செலவு, இது எல்லாத்தையும் விட ராத்திரியில தூக்கம் வராம நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு துடிப்பை எண்ணிக்கிட்டுக் கிடந்த பயம். எனக்கு வயசு 44, தனியா இருக்கேன், தம்பி வேற ஊர்ல. இதை ஏற்கனவே பட்டவங்க யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்து இதைக் கேளு, இதைப் பண்ணாதேன்னு சொல்லியிருந்தா பாதி கஷ்டம் வந்திருக்காது, அதனால நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதறேன். நான் டாக்டர் கிடையாது. கீழ மாத்திரை பேரு, டோஸ் எல்லாம் வரும், அது என் உடம்பைப் பார்த்து எனக்குக் கொடுத்தது, அதைப் பார்த்து நீங்க வாங்கிப் போட்டுடாதீங்க.

ஆரம்பம் ரொம்ப சாதாரணமாதான் இருந்துச்சு. ஆபீஸ்ல எல்லாருக்கும் எடுக்கற மெடிக்கல் செக்கப், அங்க இருந்த டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வெச்சவங்க எடுக்கவே இல்ல, நெஞ்சு, கழுத்துன்னு மாத்தி மாத்தி வெச்சுக் கேட்டாங்க, "உனக்கு இதயத்துல சத்தம் இருக்குன்னு யாரும் இதுவரைக்கும் சொன்னதில்லையாம்மா?"ன்னு கேட்டாங்க. இல்ல டாக்டர்னேன். அன்னைக்கு பிபி 178/102. பயத்துல ஏறியிருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். எக்கோ எடுக்கச் சொன்னாங்க, இதயத்தைப் பார்க்கற ஸ்கேன் அது, அதுல வந்த பதில், இதயத்துலேர்ந்து ரத்தம் வெளிய போற வாசல்ல இருக்கற அயோர்ட்டிக் வால்வுல எல்லாருக்கும் 3 இதழ் இருக்கும், எனக்குப் பிறவியிலேயே 2 இதழ்தான், பைகஸ்பிட்னு சொல்றாங்க. நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு இது இருக்கும், நிறைய பேருக்குப் பல வருஷம் தெரியவே தெரியாது. 2 இதழ் வால்வு சீக்கிரமா தேய்ஞ்சு, கால்சியம் படிஞ்சு, திறக்க முடியாம சுருங்கிடும். என் ரிப்போர்ட்ல ரத்தம் பாயற வேகம் நொடிக்கு 3.6 மீட்டர், சராசரி கிரேடியன்ட், அதாவது வால்வுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பிரஷர் வித்தியாசம், 32, "மிதமான சுருக்கம்"னு போட்டிருந்தாங்க. அந்த ரிப்போர்ட்ல எல்லாம் இருந்துச்சு, எக்கோ எடுத்த நேரத்துல என் பிபி எவ்வளவுன்னு மட்டும் இல்ல. அது ஒரு விஷயம்னே எனக்கு அப்போ தெரியாது. அது எவ்வளவு பெரிய விஷயம்னு பின்னாடி சொல்றேன்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு முதல்ல பார்த்த டாக்டர் ரொம்ப உறுதியா சொன்னார், வால்வு சுருக்கம் இருக்கறவங்களுக்கு பிபி மாத்திரை ஆபத்து, பிரஷர் சடார்னு இறங்கிடும், இறங்குனா திரும்ப ஏத்த இதயத்தால முடியாது, அதனால மாத்திரை வேண்டாம், உப்பைக் குறைச்சுக்கோங்க, டென்ஷன் ஆகாதீங்க, 6 மாசம் கழிச்சு வாங்க. உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அன்னைக்கு நிம்மதியாதான் இருந்துச்சு. மாத்திரை இல்லைன்னா நோயும் பெருசா இல்லைன்னு மனசு எடுத்துக்கிச்சு. அவர் சொன்னது சும்மா வாய்க்கு வந்தது இல்ல, ரொம்ப காலமா டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம்தான். வால்வோட வாசல் சின்னது, அது விரியாது, அதனால ரத்தக்குழாயை மாத்திரை தளர்த்தினாலும் அந்த வாசல் வழியா கூடுதல் ரத்தம் வர முடியாது, பிரஷர் விழுந்துடும்ங்கறதுதான் அந்தப் பயம். ஆனா அது பாதி உண்மை. மீதிப் பாதியை எனக்குச் சொல்ல ஆளில்லாம போச்சு.

அந்த மீதிப் பாதி என்னன்னா, இதயத்தோட இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் முதல்ல சுருங்கின வால்வைத் தாண்டித் தள்ளணும், அப்புறம் விறைச்சுப் போன ரத்தக்குழாய்களோட எதிர்ப்பையும் மீறித் தள்ளணும். கை மேல பட்டை கட்டி அளக்கறப்போ வர்றது வால்வுக்கு அந்தப் பக்கம் இருக்கற பிரஷர் மட்டும்தான். கையில 170 காட்டினா வால்வுக்கு இந்தப் பக்கம், கீழறைக்குள்ள, வால்வோட தடையும் சேர்ந்து 200ஐத் தாண்டி இருக்கும். பின்னாடி இதைப் படம் போட்டு எனக்கு விளக்கினப்போ அழுகையே வந்துடுச்சு, ஏன்னா 5 மாசம் நான் அந்த இதயத்தை அப்படித்தான் வெச்சிருந்தேன். வீட்ல மெஷின் வாங்கி அளக்கறப்போ 165, 172, 180னு வரும், "வால்வுக்காரிக்கு இது கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தாதான் நல்லது"ன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்க ஆரம்பிச்சது, பின்மண்டையில தலைவலி, அந்தத் தலைவலிக்கு வாரத்துல 4 நாள் ஐபுப்ரூஃபன் போட்டேன். அந்த வகை வலி மாத்திரையே உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி பிபியை ஏத்தும்னு யாருமே சொல்லல, நானும் கேக்கல, வலி மாத்திரை எல்லாம் ஒரு மாத்திரையான்னு டாக்டர்கிட்ட சொல்ற லிஸ்ட்ல கூட அதைச் சேர்க்கல. தயவுசெஞ்சு நீங்க சேருங்க. கடையில சும்மா வாங்கற வலி மாத்திரை, மூக்கடைப்புக்குப் போடற ஜலதோஷ மாத்திரை, ரெண்டுமே பிபியை ஏத்தக்கூடியது. டாக்டர் முன்னாடி உக்கார்றப்போ வீட்ல இருக்கற எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டுக் கொண்டுபோய்க் கொட்டிடுங்க, எது முக்கியம்னு அவங்க பார்த்துக்கட்டும்.

ஒரு நாள் சாயங்காலம் 194/108 வந்துச்சு. கை கால் எல்லாம் நடுங்க பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்குக்கு ஓடினேன். இங்கதான் என் பங்குத் தப்பு பெருசு, பயத்துல "பிபி, பிபி"ன்னேனே தவிர வால்வைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அவங்களும் நெஞ்சுல ஸ்டெத் வைக்கல. ஒரே நேரத்துல அம்லோடிபின் 10 மில்லிகிராம், அதோட டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்த இன்னொண்ணு, எல்லாம் முழு டோஸ்ல. முதல் ரெண்டு நாள் மெஷின்ல 140க்குக் கீழ பார்த்து சந்தோஷப்பட்டேன். 4வது நாள் காலையில மாத்திரையைப் போட்டுட்டு சுடுதண்ணியில குளிச்சுட்டு எழுந்து துண்டை எடுக்கக் கையை நீட்டினது மட்டும்தான் ஞாபகம். கண்ணைத் திறக்கறப்போ தரையில கிடக்கேன், கன்னத்துல ஏதோ வெதுவெதுன்னு ஓடுது, ரத்தம். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். கத்தினா கேக்க ஆள் கிடையாது. எழுந்திரிக்கப் பார்த்தா திரும்பக் கண்ணு இருட்டுது. எவ்வளவு நேரம் அப்படியே படுத்திருந்தேன்னு இன்னைக்கும் தெரியாது. அந்தக் குளிர்ந்த தரையில கிடக்கறப்போ சாவைப் பத்தின பயத்தை விட, நான் இங்க கிடக்கறது யாருக்கும் தெரியாதேங்கறதுதான் தாங்க முடியல. ஊர்ந்து போய்த் தாழ்ப்பாளைத் தள்ளி, ரூம்ல இருந்த போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் நான் பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போடறதில்ல, போன் உள்ள ஒரு திட்டுல இருக்கும். தனியா இருக்கற எல்லாரும் இதையாவது பண்ணுங்க.

ஏன் விழுந்தேன்னு பின்னாடி புரிஞ்சது. சுருங்கின வால்வை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடிச்சுப் போயிருக்கும், உள்ள அறை சின்னதாகி விறைப்பா இருக்கும். அந்த அறை ஒழுங்கா நிரம்பினாதான் வெளிய போறதுக்கு ரத்தம் இருக்கும். நீர் மாத்திரை உடம்புல இருக்கற தண்ணியைக் குறைச்சது, இன்னொரு ரெண்டு மருந்து குழாய்களைத் தளர்த்துச்சு, சுடுதண்ணி இன்னும் தளர்த்துச்சு, எழுந்து நின்னதும் ரத்தம் காலுக்கு இறங்கிடுச்சு, வழக்கமா இதயம் வேகமா அடிச்சு சரிக்கட்டிடும், என் வாசல் சின்னதுங்கறதால சரிக்கட்ட முடியல. அதனால முதல் டாக்டர் சொன்ன ஆபத்து நிஜம்தான், ஆனா அந்த ஆபத்து பிபி மாத்திரைன்னாலே வர்றது இல்ல, அவசர அவசரமா எல்லாத்தையும் முழு டோஸ்ல ஒரே நாள்ல கொடுத்தா வர்றது. இன்னொண்ணும் கண்டிப்பா சொல்லணும். வால்வு சுருக்கம் இருக்கறவங்களுக்கு மயக்கம் வந்தா, நெஞ்சு வலி வந்தா, மூச்சு வாங்கினா, மாத்திரை மேல பழியைப் போட்டுட்டு சும்மா இருந்துடக்கூடாது. இந்த 3ம் வால்வு முத்திப் போச்சுன்னு காட்டற அறிகுறியாவும் இருக்கலாம், உடனே போய்க் காட்டணும்.

நான் என்ன பண்ணேன்? தையல் போட்டுட்டு வந்த அன்னைக்கே எல்லா மாத்திரையையும் தூக்கிக் குப்பையில போட்டேன். யாரையும் கேக்கல. கோவம், பயம், யாரையும் நம்ப முடியாத ஒரு கசப்பு. அடுத்த ஒன்றரை மாசம் மெஷினையே தொடல, தொட்டா என்ன காட்டும்னு தெரியும். தம்பிதான் போன்ல சத்தம் போட்டான், "அக்கா, நீ இப்படியே இருந்தா நான் வேலையை விட்டுட்டு அங்க வந்துடுவேன், ஒழுங்கா ஒரு கார்டியாலஜிஸ்ட்டைப் பாரு"ன்னு. அவன் பேச்சுக்காகத்தான் போனேன், எனக்கா நம்பிக்கை இல்ல.

அந்த கார்டியாலஜிஸ்ட் முதல் நாள் 40 நிமிஷம் எனக்குக் கொடுத்தார். ரெண்டு கையிலும் பிபி பார்த்தார், அப்புறம் எழுந்து நிக்கச் சொல்லி ஒரு நிமிஷத்துலயும் 3 நிமிஷத்துலயும் பார்த்தார், அப்புறம் என்னைப் படுக்க வெச்சு கால்ல நாடி பிடிச்சுப் பார்த்து கால்லயும் பிபி எடுத்தார். கால்ல எதுக்கு டாக்டர்னு கேட்டேன். 2 இதழ் வால்வு இருக்கறவங்கள்ல சிலருக்கு இதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய்ல ஒரு இடத்துல பிறவியிலேயே இறுக்கம் இருக்கும், அப்படி இருந்தா கையில பிபி எகிறும், கால்ல குறைவா இருக்கும், அதைச் சரிபண்ணாம மாத்திரை மட்டும் கொடுத்துப் பிரயோஜனம் இல்லன்னார். எனக்கு அது இல்ல. ஆனா இந்த 7 மாசத்துல ஒருத்தர் கூட அதைப் பார்க்கலைங்கறப்போ வயித்தைக் கலக்குச்சு. சின்ன வயசுலயே பிபியும் 2 இதழ் வால்வும் சேர்ந்து இருந்தா "கால்ல பிபி பார்த்தீங்களா, பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கான்னு பார்த்தீங்களா"ன்னு ரெண்டு கேள்வியையும் கேட்டுடுங்க. அந்தக் குழாய் விரிஞ்சு போறதும் இந்த வால்வோட சேர்ந்து வர்ற இன்னொரு வம்பு, அது இருந்தா பிபியைக் கட்டுல வைக்கறது இன்னும் முக்கியம், ஏன்னா குழாய் உள்பக்கம் கிழியற அபாயம் இருக்கு.

மாத்திரை விஷயத்துல அவர் சொன்னது ஒரே வரி, "பிபியை இறக்கணும்மா, ஆனா படிப்படியா இறக்கணும்." 2020ல வந்த அமெரிக்க இதய சங்கங்களோட வால்வு நோய் வழிகாட்டுதல்லயும் இதுதான் இருக்குன்னு சொன்னார், அயோர்ட்டிக் சுருக்கம் இருந்து பிபியும் இருந்தா சிகிச்சை கொடுக்கணும், குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு அடிக்கடி பார்த்துப் பார்த்துக் கூட்டணும். எனக்கு ராமிப்ரில்ங்கற பிபி மாத்திரையை 1.25 மில்லிகிராம்ல ஆரம்பிச்சார். அது எவ்வளவு சின்ன டோஸ்னு தெரிஞ்சப்போ இதுவா என் 180ஐ இறக்கப் போகுதுன்னு சந்தேகமா இருந்துச்சு. 2 வாரம் கழிச்சு ரத்தத்துல பொட்டாசியம், கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியாட்டினின் ரெண்டையும் பார்த்துட்டு 2.5 ஆக்கினார். 3வது வாரம் வறட்டு இருமல். ராத்திரி படுத்தா இருமல், எனக்கு இதயம் வீக் ஆகி நுரையீரல்ல தண்ணி கோத்துடுச்சுன்னு ஒரே நடுக்கம். போய்ப் பார்த்தா அந்த மருந்துக்கே சிலருக்கு அப்படி இருமல் வரும்னு சொல்லி டெல்மிசார்டன் 20க்கு மாத்தினார், 10 நாள்ல இருமல் நின்னுச்சு. அப்புறம் 40. அதுக்கப்புறம்தான் அம்லோடிபின் 2.5 சேர்த்தார், முன்னாடி என்னைக் கீழே தள்ளின அதே மருந்துதான், நாலுல ஒரு பங்கு டோஸ். வாங்கறப்போ கை நடுங்குச்சு. முதல் 3 நாள் ஆபீஸ் போகாம வீட்லயே உக்காந்து மணிக்கு ஒரு தடவை அளந்தேன், அது தேவையே இல்ல, ஆனா என்னால முடியல. ஒண்ணும் ஆகல. அம்லோடிபின்ல கணுக்கால் வீங்கும், அதுவும் இதயம் வீக் ஆகறதும் வெளியில ஒரே மாதிரி தெரியும், அதனால வீக்கம் வந்தா நீங்களே எதுவும் முடிவு பண்ணாதீங்க. மொத்தம் ரெண்டரை மாசம் ஆச்சு 130 சில்லறைக்கு வர. அந்த ரெண்டரை மாசம் வீண் இல்ல, அவசரமா இறக்கினதுதான் எனக்கு வீணாப் போச்சு.

வீட்ல அளக்கறதைப் பத்தி கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா என் மாத்திரையை முடிவு பண்ணினதே அந்த நோட்டுதான். அதுவரைக்கும் நான் அளந்தது எல்லாமே தப்பு. வெளியிலேர்ந்து வந்ததும் உக்காந்து, போன் பேசிக்கிட்டே, சட்டைக் கை மேலேயே பட்டையைக் கட்டி, கையைத் தொங்கவிட்டு அளப்பேன். சரியான முறை என்னன்னா, அரை மணி நேரத்துக்கு முன்னாடி காபி, நடை, எதுவும் இருக்கக்கூடாது, யூரின் போயிட்டு வந்து முதுகு சாய்ஞ்சு, கால் ரெண்டும் தரையில பதிய, கால் மேல கால் போடாம, 5 நிமிஷம் பேசாம உக்காரணும். கை நெஞ்சு மட்டத்துல ஒரு மேசை மேல இருக்கணும். பட்டை துணி மேல இல்ல, தோல் மேல. பட்டையோட சைஸும் முக்கியம், என் கை கொஞ்சம் பருமன், மெஷினோட வந்த பட்டை இறுக்கம், அதுவே அளவை ஏத்திக் காட்டிக்கிட்டு இருந்துச்சு, பெரிய பட்டை தனியா வாங்கினேன். காலையில மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு தடவை, நடுவுல ஒரு நிமிஷம் விட்டு, ராத்திரி அதே மாதிரி ரெண்டு தடவை, ஒரு வாரம் எழுதி, முதல் நாள் கணக்கை விட்டுட்டு மத்ததோட சராசரியை எடுக்கணும். வீட்டு அளவுல 135/85க்கு மேல இருந்தா ஜாஸ்தின்னு அர்த்தம். எனக்கு டாக்டர் இன்னொண்ணும் சேர்த்துச் சொன்னார், வாரத்துல ரெண்டு நாள் காலையில எழுந்து நின்னு 3 நிமிஷத்துக்குள்ள அளக்கணும், உக்காந்ததை விட மேல் எண் 20 இறங்கினா உடனே சொல்லணும். மயங்கி விழறதுக்கு முன்னாடியே மயக்கத்தைப் பிடிக்கற வழி அதுதான். வாந்தி பேதி வந்து உடம்புல தண்ணி வத்தினா அன்னைக்கே போன் பண்ணிக் கேக்கணும், அந்த நாள்ல சில மாத்திரைகளை நிறுத்தி வைக்கச் சொல்லுவாங்க. அதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கறப்போ யோசிக்க முடியாது.

இப்போ அந்த எக்கோ விஷயம். பிபி 132/80னு நின்னப்புறம் திரும்ப எக்கோ எடுத்தாங்க. முதல் எக்கோ எடுத்து 10 மாசம் ஆகியிருந்துச்சு. வேகம் 4.2 மீட்டர், சராசரி கிரேடியன்ட் 43, வால்வோட பரப்பு 0.9 சதுர சென்டிமீட்டர். 4 மீட்டரோ, 40 கிரேடியன்ட்டோ தாண்டினா தீவிர சுருக்கம், பரப்பு பொதுவா 1க்குக் கீழ வந்திருக்கும், சாதாரணமா அந்த வாசல் 3லேர்ந்து 4 சதுர சென்டிமீட்டர் இருக்கணும். ரிப்போர்ட் கையில வந்த அன்னைக்கு டாக்டர் இல்ல, 3 நாள் கழிச்சுதான் அப்பாயின்ட்மென்ட். அந்த 3 ராத்திரியும் எனக்கு ஒரே நினைப்பு, மாத்திரை போட்டுதான் வால்வு கெட்டுப்போச்சு, முதல் டாக்டர் சொன்னதுதான் சரி, நானே என் இதயத்தைக் கெடுத்துக்கிட்டேன். ரெண்டு வேளை மாத்திரையைப் போடாம கூட விட்டுட்டேன். அப்புறம் விழுந்த நாள் ஞாபகம் வந்து, தம்பிக்குப் போன் பண்ணி, அவன் போடச் சொன்னப்புறம் போட்டேன்.

டாக்டர் சொன்னது இது. பிபி உச்சத்துல இருக்கறப்போ வால்வுக்கு அந்தப் பக்கம் எதிர்ப்பு ஜாஸ்தி, இதயம் தள்ளற ரத்தம் குறையும், வால்வு வழியா பாயற வேகமும் குறைவா வரும், அதனால சுருக்கம் இருக்கறதை விட லேசா தெரியும். என் முதல் எக்கோ பிபி எகிறிக் கிடந்த சமயத்துல எடுத்தது, அன்னைக்கே வால்வு அந்த ரிப்போர்ட் சொன்னதை விட மோசமா இருந்திருக்கலாம். மிதமான சுருக்கம் சராசரியா வருஷத்துக்கு நொடிக்கு 0.3 மீட்டர் வரைக்கும் தானாவே கூடும், அது ஒரு பங்கு, பிபி மறைச்சு வெச்சிருந்தது ஒரு பங்கு. மாத்திரை வால்வைக் கெடுக்கல, மறைஞ்சிருந்ததை வெளிய காட்டியிருக்கு. இந்தச் சுருக்கத்தை நிறுத்தற மாத்திரைன்னு ஒண்ணு இல்லவும் இல்ல, கொழுப்பு மாத்திரை கொடுத்துப் பெரிய ஆராய்ச்சிகள் பண்ணிப் பார்த்தும் சுருக்கம் நிக்கல, பிபி மாத்திரை இதயச் சுமையைக் குறைக்கத்தான். அதனால எக்கோவுக்குப் போறப்போ ரூமுக்குள்ள நுழைஞ்சதுமே "பிபி பார்த்து ரிப்போர்ட்ல எழுதிடுங்க"ன்னு கேளுங்க, வெக்கப்படாதீங்க. ரொம்ப ஜாஸ்தியா இருந்தா இன்னைக்கு எடுக்கலாமா, பிபி இறங்கினப்புறம் எடுக்கலாமான்னும் கேளுங்க. ரெண்டு எக்கோவை ஒப்பிடறப்போ ரெண்டு நாளோட பிபியும் பக்கத்துல இருக்கணும். இந்த ஒரு வரி என் முதல் ரிப்போர்ட்ல இருந்திருந்தா எனக்கு 10 மாசம் முன்னாடியே விஷயம் தெரிஞ்சிருக்கும்.

எக்கோ வாசல்ல காத்திருந்தப்போ பேசினவங்ககிட்டயும் நிறைய கத்துக்கிட்டேன். ஒரு பெரியவருக்கு அதே அயோர்ட்டிக் வால்வுதான், ஆனா சுருக்கம் இல்ல, லீக். அவரோட பிபி 168/52. மேல அவ்வளவு, கீழ இவ்வளவு கம்மியான்னு ஆச்சரியமா இருந்துச்சு. போன ரத்தம் திரும்ப இதயத்துக்கே ஒழுகிடறதால கீழ் எண் விழுந்துடும், ஒழுகினதையும் சேர்த்து அடுத்த துடிப்புல தள்றதால மேல் எண் ஏறும். அவருக்குத் துடிப்பை மெதுவாக்கற மெட்டோப்ரோலால் கொடுத்தப்போ இன்னும் அசதியாயிட்டாராம். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி நீண்டா ஒழுகறதுக்கும் அவ்வளவு நேரம் கிடைக்கும், அதனால அவரை மாதிரி லீக் உள்ளவங்களுக்கு வேற காரணம் இல்லாம அந்த வகையை பிபிக்காகத் தர மாட்டாங்க, குழாயைத் தளர்த்தற வகைதான் முதல்ல. அவர் பக்கத்துல இருந்த அக்காவுக்கு நேர் எதிர். அவங்களுக்கு சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலால, இதயத்தோட இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கற மைட்ரல் வால்வு சுருங்கிடுச்சு, அவங்களுக்குத் துடிப்பு மெதுவா இருந்தாதான் அந்தச் சின்ன வாசல் வழியா ரத்தம் இறங்க நேரம் கிடைக்கும், அதனால அதே மெட்டோப்ரோலால் அவங்களுக்கு உயிர் மாதிரி. அவங்களுக்குத் துடிப்பு தாறுமாறாவும் போகும், அப்படி இருந்தா வீட்டு மெஷின் ஒரு தடவை காட்டறதை நம்ப முடியாது, 3 தடவை எடுத்து சராசரி பார்க்கணும்னு சொன்னாங்க. ஒரே மாத்திரை, ஒருத்தருக்கு ஆகல, இன்னொருத்தருக்கு அது இல்லாம முடியல. உங்களுக்கு எந்த வால்வு, சுருக்கமா லீக்கா, எந்த அளவு, இந்த 3ஐயும் ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வெச்சுக்கோங்க. பல் டாக்டர், கண் டாக்டர், யார்கிட்ட போனாலும் முதல்ல அந்தச் சீட்டை நீட்டுங்க. நான் அன்னைக்கு கிளினிக்ல அந்தச் சீட்டை நீட்டியிருந்தா நெத்தியில இந்தத் தழும்பு இருந்திருக்காது.

மூச்சு வாங்கறது, மயக்கம், தீவிர சுருக்கம் எல்லாம் சேர்ந்ததால ஒரு மாசத்துல வால்வை மாத்தினாங்க. என் வயசுக்கு மெக்கானிக்கல் வால்வு, ரத்தம் உறையாம இருக்கறதுக்கான வார்ஃபரின் மாத்திரை வாழ்நாள் முழுக்க. ஆபரேஷன் பத்தி தனியா எழுதற அளவுக்கு இருக்கு, இங்க பிபி மட்டும். வால்வு மாத்திட்டா பிபி மாத்திரை தேவைப்படாதுன்னு நான் நம்பிக்கிட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்த 9வது நாள் 156/90. புது வால்வு வேலை செய்யலையோன்னு பதறிப் போய் போன் பண்ணேன். இத்தனை நாள் ஒரு சின்ன ஓட்டை வழியா கஷ்டப்பட்டுத் தள்ளின இதயத்துக்கு இப்போ வாசல் திறந்திருக்கு, ஒவ்வொரு துடிப்புக்கும் நல்லா தள்ளுது, விறைச்ச குழாய் அப்படியே இருக்கு, அதனால பிபி ஏறும், எதிர்பார்த்ததுதான்னு சொல்லி டெல்மிசார்டனைக் கூட்டினாங்க. வார்ஃபரின் சாப்பிடறப்போ பிபியை ஏற விடறது முன்னை விட ஆபத்து, ரத்தம் உறையாத நிலையில மூளையில கசிவு வர்ற வாய்ப்பைக் கூட்டும். ஐபுப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் இப்போ எனக்கு ரெண்டு மடங்கு தடை, பிபிக்கும் ஆகாது, ரத்தப்போக்குக்கும் ஆகாது. தலைவலிச்சா என்ன போடலாம்னு முன்னாடியே கேட்டு வெச்சிருக்கேன். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, ஒரு டீஸ்பூனுக்கும் கம்மி, பாக்கெட்ல வர்றதுல இருக்கறதும் அதுல சேத்தி.

ஆபரேஷன் முடிஞ்சு 3 மாசம் ஆகுது. ராத்திரி படுத்தா வால்வு டிக் டிக்னு கேக்குது, முதல்ல தூக்கம் வரல, இப்போ அது கேட்டாதான் தூக்கம் வருது. காலையில பிபி 126/78. 2 இதழ் வால்வு கூடப் பிறந்தவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கலாம், ஒரு தடவை எக்கோ எடுத்துப் பார்க்கறது நல்லதுன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து தம்பியை நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன், நல்லாதானே இருக்கேன்னு தட்டிக் கழிச்சுக்கிட்டே இருந்தான். வர்ற வியாழக்கிழமைக்கு ஒருவழியா அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கான். நேத்து போன்ல சொல்லியிருக்கேன், எக்கோவுக்குப் படுக்கறதுக்கு முன்னாடி பிபி பார்க்கச் சொல்லு, அதை ரிப்போர்ட்ல எழுதச் சொல்லு, எழுதாம கொடுத்தா வாங்காதேன்னு. "சரிக்கா, எழுத வெச்சு போட்டோ எடுத்து அனுப்பறேன்"னு சொல்லியிருக்கான்.